பணம் கட்டுவதற்கு முன்

மார்ச் 6

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் என் பையன், உன் மருமகனும் சௌக்கியம். என் தோள்வலி அதே இடத்தில் குடியிருக்கிறது, காலி செய்யும் எண்ணம் அதற்கு இல்லை. உன் இருமல் விட்டதா? உன் வீட்டுக்காரிக்கும் சின்னவளுக்கும் என் அன்பைச் சொல்.

உன் போன கடிதத்தை வழக்கம்போல உன் மருமகன் உரக்கப் படித்தான், நான் மெஷினை நிறுத்தாமல் கேட்டேன். தபால்காரர் மணி அடித்ததுமே மாடி வீட்டம்மா இறங்கி வந்துவிட்டாள். அவள் புருஷன் உங்கள் சைட்டில் அத்தனை பேரையும் அதட்டுகிற ஃபோர்மேன். வீட்டுக்கு நாலு வரி எழுத மட்டும் அவருக்குக் கை வராது. "உங்க தம்பி லெட்டர்லதான் எங்க வீட்டு ஆள் உசிரோட இருக்காரான்னே தெரியுது" என்று சொல்லிச் சிரித்தாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் மருமகன் எலக்ட்ரிகல் டெக்னீஷியன் சர்டிபிகேட் படிக்கவேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். பத்து மாதப் படிப்பு. கட்டணம் என் ஆறு மாதத் தையல் கூலி. இந்தப் பக்கம் பேக்கரி முதலாளி, அடுத்த மாதத்திலிருந்து அவனை அடுப்பு வேலைக்கு நிரந்தரமாகப் போடுகிறேன் என்கிறார். ஒன்றரை வருஷம் மாவு பிசைந்ததற்குக் கிடைத்த உயர்வு. இவன் விட்டால் அந்த இடத்தைப் பிடிக்க மூன்று பேர் காத்திருக்கிறார்கள்.

சர்டிபிகேட் வந்தால் இரண்டு மடங்கு சம்பளம் என்கிறான். சொந்தமாக ஒரு வீட்டுக்கு வயரிங் செய்து சொந்தமாகக் கையெழுத்துப் போடலாமாம். எனக்கு பல்ப் மாற்றத் தெரியும், அதோடு சரி. நீ இருபத்திரண்டு வருஷமாக அந்தத் தொழிலில் இருக்கிறாய். போடுகிற பணத்துக்கும் விடுகிற வேலைக்கும் அது ஈடாகுமா என்று யோசித்து எழுது. நீ சரி என்றால் சரி. வேண்டாம் என்றால் அவன் எவ்வளவு குதித்தாலும் வேண்டாம்தான். உன் அத்தான் போனதிலிருந்து நான் உன்னைக் கேட்காமல் எதைச் செய்தேன்?

ஒரு வேடிக்கை. நேற்று பச்சைத் துணிக்கு நூல் எடுத்துவா என்றால் பழுப்பு நூலைக் கொண்டுவந்து நீட்டுகிறான். அப்படியே உன் அச்சு. இதற்காகவே உன் தலையில் எத்தனை குட்டு வைத்திருப்பேன்.

உன் அக்கா

மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இருமல் விட்டது, இங்கே மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம். தோளுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா, இல்லை எல்லாவற்றையும் மெஷின் மேலேயே மறந்துவிடுகிறாயா?

மாப்பிள்ளை விஷயத்தை நன்றாக யோசித்தேன். வேண்டாம். கட்டணம் ஆறு மாதக் கூலி, பத்து மாதம் பேக்கரிச் சம்பளம் கிடையாது, கருவிகளும் பஸ்ஸும் தனி. படித்து முடித்ததும் யாரும் இரண்டு மடங்கைத் தட்டில் வைத்து நீட்டிவிட மாட்டார்கள். முதல் இரண்டு வருஷம் ஏணி பிடிக்கிற வேலைதான். போட்டது திரும்பி வரவே நாலு வருஷம் ஆகும். எங்கள் சைட்டிலேயே ஒருவன் சர்டிபிகேட்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டு பைப் வெட்டுகிறான். பேக்கரி வேலைக்கு என்ன குறைச்சல்? ரொட்டி வேண்டாம் என்று ஊர் என்றைக்காவது சொல்லப்போகிறதா?

என்னைப் பார். சர்டிபிகேட் இல்லாமல் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. இங்கே எனக்குப் பெயரே முடிச்சு. எந்த வயரையும் டெஸ்டர் வைத்துப் பார்த்து, நூலால் ஒரு முடிச்சு இரண்டு முடிச்சு என்று அடையாளம் கட்டாமல் நான் இணைப்பதில்லை. மற்றவன் மூன்று ஸ்விட்ச் பெட்டி முடித்தால் நான் இரண்டு. ஆனால் நான் மூடிய பெட்டியை யாரும் திரும்பத் திறந்ததில்லை. "ஆளு ஆமைதான், ஆனா இவன் வேலையில தப்பு வராதுப்பா" என்பார் ஃபோர்மேன். இதை மாடி வீட்டம்மாவுக்கும் படித்துக் காட்டு. அவர் நலம், தொப்பை மட்டும் கொஞ்சம் முன்னேறியிருக்கிறது.

மாப்பிள்ளையைக் கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்.

தம்பி

ஏப்ரல் 2

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் நலம். நீங்களும் நலமாக இருக்கவேண்டும்.

உன் கடிதத்தைப் பாதி படித்ததும் அவன் குரல் இறங்கிவிட்டது. முடித்து மடித்து வைத்துவிட்டு, "மாமா ஏம்மா இப்படி எழுதியிருக்காரு?" என்று கேட்டான். நாலு வருஷத்தில் போட்டது திரும்புகிறது என்றால், அவனுக்கு இப்போது இருபத்தொன்று, அதற்குப் பிறகு முப்பது வருஷம் அவனுக்கு லாபம்தானே? இதை ஆறாவதோடு நின்ற நானே கணக்குப் போடுகிறேன், உனக்குத் தெரியாதா?

மாடி வீட்டம்மா வேறு, "உங்க தம்பிக்கு அந்தப் பேப்பர் மட்டும் இருந்திருந்தா இன்னிக்கு அவர்தான் ஃபோர்மேன்னு எங்க வீட்டுக்காரரே சொல்வாரு. ஏன் படிக்காம விட்டாரு?" என்றாள். அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. இருபது வயதில் நீயும் இதற்குத்தான் போனாய். காலையில் போய் மத்தியானம் திரும்பி வந்து, பணம் நிறையக் கேட்கிறார்கள் என்றாய். அப்பா கடன் வாங்கித் தருகிறேன் என்று சொல்லியும் மறுபடி நீ போகவில்லை. உனக்குக் கிடைக்காதது அவனுக்குக் கிடைக்கக் கூடாது என்று நினைக்கிறாயோ என்று ஒரு நிமிஷம் தோன்றியது. தோன்றியதை மறைக்காமல் எழுதிவிட்டேன். கோபம் இருந்தால் திட்டி எழுது.

அக்கா

ஏப்ரல் 21

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ எழுதியதில் எனக்குக் கோபம் இல்லை.

மாடி வீட்டம்மா இப்போதும் என் கடிதம் படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாளா?

சரி, அவனுக்கு அவ்வளவு ஆசை என்றால் நான் குறுக்கே நிற்கவில்லை. ஒன்று மட்டும் செய். பணம் கட்டுவதற்கு முன் அவன் கண்ணை ஒரு டாக்டரிடம் காட்டிவிடு. இந்த வேலைக்குக் கண் முக்கியம். கட்டாயம் காட்டு. காட்டிய பிறகுதான் பணம் கட்டவேண்டும். மற்றபடி எழுத ஒன்றும் இல்லை.

தம்பி

மே 8

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்த அன்றே வீட்டில் வெளிச்சம் வந்துவிட்டது. உனக்கும் உன் குடும்பத்துக்கும் நோய்நொடி இல்லாமல் இருக்கட்டும்.

நீ சொன்னபடி கண் டாக்டரிடம் காட்டினேன். சுவரில் மாட்டிய எழுத்துகளைக் கடைசி வரிவரை கடகடவென்று படித்துவிட்டான். அதற்குக் கீழே அச்சடித்த கம்பெனியின் பெயரையும் படித்தான். "இந்தக் கண்ணுக்கு என்கிட்ட வேலை இல்லம்மா, கூட்டிட்டுப் போங்க" என்று டாக்டர் சிரித்தார். "மாமா என்னைக் கிழவன்னு நினைச்சுட்டாரு போல" என்று இவன் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான்.

ஓரம் அடிக்கிற மெஷினை விற்றுப் பணம் கட்டிவிட்டேன். கட்டியது திரும்பாது என்று ரசீதிலேயே அச்சடித்திருக்கிறது. பேக்கரியிலும் சொல்லியாகிவிட்டது, முதலாளி முகத்தைத் தூக்கிக்கொண்டார். ஜூனில் வகுப்பு. மாடி வீட்டம்மாவைப் பற்றிக் கேட்டாயே, எப்போதும்போல வருகிறாள். இதை எழுதும்போதும் எதிரில்தான் இருக்கிறாள், புருஷனின் சட்டை அளவைக் கேட்டு எழுதச் சொல்கிறாள்.

அக்கா

ஜூலை 3

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுத இவ்வளவு நாளாகிவிட்டது, மன்னித்துக்கொள். எல்லோரும் நலம். ஃபோர்மேன் சட்டை அளவு நாற்பத்திரண்டு.

மெஷினை விற்பாய் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

மாப்பிள்ளைக்கு ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். டெஸ்டர், கட்டிங் பிளேயர், ஸ்க்ரூ டிரைவர் மூன்று, ஒரு நூல் உருண்டை. அவனிடம் இப்படிச் சொல். எந்த வயரையும் கண்ணை நம்பித் தொடக் கூடாது. வாத்தியார் எதைச் சொன்னாலும், பக்கத்தில் இருப்பவன் எவ்வளவு சீக்கிரம் முடித்தாலும், டெஸ்டர் வைத்துப் பார்த்து முடிச்சுப் போட்டுக்கொண்டுதான் இணைக்கவேண்டும். ஃபேஸுக்கு ஒன்று, நியூட்ரலுக்கு இரண்டு, எர்த்துக்கு மூன்று. சிரித்தால் சிரிக்கட்டும்.

தம்பி

அக்டோபர் 11

அன்புள்ள தம்பிக்கு,

நலம். தோள்வலிதான் கொஞ்சம் கூடியிருக்கிறது, ஓரமெல்லாம் கையால் அடிப்பதால். அது கிடக்கட்டும், நல்ல செய்தி இருக்கிறது.

உன் மருமகன் அரையாண்டுத் தேர்வில் முதலாவது. நாற்பது பேரில். கணக்கும் படமும் வாத்தியாரைவிட வேகமாகப் போடுகிறானாம். கையால் செய்கிற வகுப்பில்தான் ஆரம்பத்தில் ஒரு தடவை சிவப்பு போகவேண்டிய இடத்தில் பச்சையை மாட்டிவிட்டானாம். "தூங்கிட்டே வேலை செய்யறியாடா, ஆளைக் கொல்லப் பாக்கறியா?" என்று வாத்தியார் போர்டையே பிடுங்கிக்கொண்டாராம். இரண்டு நாள் சாப்பிடவில்லை. அப்புறம் நீ சொன்ன முடிச்சைப் பிடித்துக்கொண்டான். இப்போது ஒரு தப்பும் இல்லை. "மாமா மட்டும் சொல்லலைன்னா நான் அன்னிக்கே வெளியே போயிருப்பேன்" என்கிறான். பார்சலில் வந்த அந்த டெஸ்டரை ஒரு நாள் பேனா மாதிரி சட்டைப்பையில் குத்திக்கொண்டு கடைக்குப் போகிறான், எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஒரு பெரிய ஆலையிலிருந்து வந்து, சர்டிபிகேட் அட்டை கிடைத்ததும் வா என்று சொல்லியிருக்கிறார்கள். அந்தச் சம்பளத்தில் ஆறே மாதத்தில் மெஷினைத் திரும்ப வாங்கிவிடலாம். நீ அன்றைக்கு மனசு இறங்கி எழுதாவிட்டால் இதெல்லாம் எங்கே? உன்னைப் பற்றித் தப்பாக நினைத்தேனே என்று வெட்கமாக இருக்கிறது.

அக்கா

டிசம்பர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். மணியார்டர் அனுப்பியிருக்கிறேன். முதலில் தோளைக் காட்டு.

மாப்பிள்ளை படிப்பைப் பற்றிச் சந்தோஷம். அட்டை கொடுப்பதற்கு முன் உடம்புப் பரிசோதனை உண்டா, அதில் என்னென்ன பார்க்கிறார்கள் என்று விசாரித்து எழுது.

தம்பி

ஏப்ரல் 27

தம்பிக்கு,

நீ டிசம்பரில் கேட்டதற்கு நான் பதில் எழுதவில்லை. அதெல்லாம் சும்மா ஒரு சடங்கு என்று வகுப்பில் சொன்னார்கள், விட்டுவிட்டேன்.

பரீட்சையில் அவன்தான் முதலாவது. தாளில் பெயர் போட்டு ஒட்டியிருந்தார்கள். திங்கட்கிழமை உடம்புப் பரிசோதனை. நானும் போனேன், கதவருகே நின்றேன். டாக்டர் ஒரு புத்தகத்தைத் திறந்து வைத்தார். பக்கம் முழுக்கப் புள்ளிகள், வட்டமாக. "உள்ள என்ன நம்பர் தெரியுது?" என்று கேட்டார். முதல் பக்கத்தில் சரியாகச் சொன்னான். அடுத்த பக்கத்தில் எனக்கே அங்கிருந்து எட்டு தெரிந்தது, தம்பி. இவன் புத்தகத்தைக் கிட்டே இழுத்தான், தள்ளி வைத்தான். "இதுல நம்பரே இல்லீங்களே" என்றான். அதற்கப்புறம் பத்துப் பக்கம் திருப்பினார். ஒவ்வொன்றுக்கும் "இல்லீங்க" என்றான். கடைசியில் அவர் கேட்பதற்கு முன்னாலேயே சொல்ல ஆரம்பித்துவிட்டான்.

சிவப்பும் பச்சையும் அவனுக்குப் பிரிந்து தெரியாதாம். பிறவியிலேயே அப்படியாம், மருந்து கிடையாதாம். அட்டை கொடுக்க முடியாது என்று எழுதிவிட்டார்கள். அந்தத் தாள் இல்லாமல் ஆலையில் வாசல்படி ஏற்றமாட்டார்கள். பேக்கரிக்குப் போய்க் கேட்டான். அடுப்பில் வேறு ஆள் இருக்கிறான். தினக்கூலிக்கு மாவு மூட்டை இறக்கச் சொன்னார் முதலாளி. நேற்றிலிருந்து போகிறான். திரும்பி வந்தால் முதுகெல்லாம் வெள்ளை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறான்.

டாக்டர் நல்ல மனிதர். "இது அம்மா வழியா வர்றதும்மா. உங்க கூடப் பொறந்த ஆம்பளைங்க யாருக்காவது இருக்கா?" என்று கேட்டார். "எனக்கு ஒரே தம்பி, அவனே எலக்ட்ரிக் வேலைதான் பாக்குறான், அவனுக்கு அப்படி ஒண்ணும் இல்லீங்க" என்று பெருமையாகச் சொன்னேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் அந்தப் பழுப்பு நூல் ஞாபகம் வந்தது. நீ மத்தியானமே திரும்பி வந்தது ஞாபகம் வந்தது. முடிச்சும் ஞாபகம் வந்தது.

இன்றைக்குக் கதவைத் தாழ் போட்டுவிட்டு எழுதுகிறேன். மாடி வீட்டம்மா இல்லை, அவனும் இல்லை. உனக்குத் தெரியுமா, தம்பி? தெரியாது என்று எழுது. நீ எழுதினால் நான் நம்புவேன். இந்த உலகத்தில் எனக்கென்று இருப்பது நீங்கள் இரண்டு பேர்தான்.

அக்கா

மே 9

அக்கா,

நீ கேட்டபடி எழுத நாலு நாள் உட்கார்ந்தேன். கை வரவில்லை.

எனக்குத் தெரியும். இருபது வயதில் அதே மாதிரிப் புத்தகத்தைத்தான் என் முன்னாலும் திறந்து வைத்தார்கள். அப்போதெல்லாம் சேரும்போதே பார்ப்பார்கள். வாசல் தாண்டி ஒரு மரத்தடியில் வெகு நேரம் நின்றுவிட்டு, வீட்டுக்கு வந்து பணம் என்று பொய் சொன்னேன். அப்புறம் சர்டிபிகேட் கேட்காத காண்ட்ராக்டராகப் பார்த்துச் சேர்ந்து, எவனும் கண்டுபிடிக்காதபடி முடிச்சுப் போட்டே இத்தனை வருஷம் ஓட்டினேன். என் வீட்டுக்காரிக்கும் தெரியாது. தக்காளி வாங்கினால் அழுத்திப் பார்த்துத்தான் வாங்குவேன், கஞ்சன் என்று சிரிப்பாள்.

நீ நூல் கதையை எழுதிய அன்றே மாப்பிள்ளைக்கும் இருக்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. அதனால்தான் வேண்டாம் என்று கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கு பொய் என்று எனக்கே தெரியும். ஏப்ரலில், அவனுக்கு நிறம் தெரிகிறதா என்று பார், என்றுதான் முதலில் எழுதினேன். அவன் உரக்கப் படிப்பான், மாடி வீட்டம்மா கேட்பாள், அடுத்த லீவில் அவள் புருஷன் வந்ததும் அவர் காதுக்குப் போகும். சிவப்பும் பச்சையும் தெரியாதவனை எந்த ஃபோர்மேன் ஏணியில் ஏற்றுவான்? வீட்டு வாடகையும் சின்னவளின் பள்ளிக்கூடமும் கண் முன்னால் வந்தன. அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, கண்ணைக் காட்டு என்று மட்டும் எழுதினேன். டாக்டரே கண்டுபிடித்துவிடுவார், என் பெயர் வராது என்று நினைத்தேன். கண் நன்றாக இருக்கிறது என்று உன் கடிதம் வந்தபோதும் நேரம் இருந்தது. ரயில் ஏறி வந்து உன் காதில் சொல்லியிருக்கலாம். பணம் கட்டியாகிவிட்டதே, அங்கே நிறம் பார்ப்பார்களோ மாட்டார்களோ, நான் தப்பியதுபோல அவனும் தப்பிவிடுவான் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். என் பிழைப்பைக் காப்பாற்ற உன் மெஷினையும் அவன் வேலையையும் விட்டுக்கொடுத்தேன், அக்கா. இதைவிடச் சுருக்கமாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நீ எதைச் சொன்னாலும் செய்கிறேன். மாடி வீட்டம்மாவிடம் சொன்னாலும் சரிதான்.

தம்பி

மே 18

மாமாவுக்கு,

வணக்கம். நீங்களும் அத்தையும் சின்னவளும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

உங்கள் கடிதத்தை அம்மா பார்க்கவில்லை. தெருவிலேயே தபால்காரரிடம் நான் வாங்கிவிட்டேன். மூட்டை இறக்கும் இடத்தில் உட்கார்ந்து படித்தேன். இரண்டாவது தடவை படிக்க முடியவில்லை.

"கண்ணைக் காட்டிவிடு" என்ற வரியை அன்றைக்கு நான்தான் படித்தேன். அம்மாவும் நானும் சிரித்தோம். நிறம் என்று நீங்கள் எழுதியிருந்தால் அன்று சாயங்காலமே நான் பேக்கரிக்கு ஓடியிருப்பேன். இப்போது அடுப்பில் நின்றிருப்பேன். எனக்கு உங்கள் மேல் இருக்கிற கோபம் தீராது மாமா. தீர்ந்துவிடும் என்று எழுதினால் அது பொய்.

ஆனால் அம்மா தினமும், "மாமா லெட்டர் வந்துச்சாடா?" என்று கேட்கிறாள். சாப்பாடு இறங்கவில்லை. மாடி வீட்டம்மாவை இப்போதெல்லாம் உள்ளே விடுவதில்லை. அப்பா போனபோதுகூட அவள் இப்படி இல்லை, அப்போது நீங்கள் பக்கத்தில் இருந்தீர்கள். என் படிப்பு போனது போகட்டும், அவளுக்கு இருக்கிற ஒரே தம்பியும் போகவேண்டாம். அவள் கேட்டதை எழுதி அனுப்புங்கள். நானே உரக்கப் படிக்கிறேன். வந்த கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். நான் யாரிடமும் சொல்லமாட்டேன், உங்கள் வேலைக்கு ஒன்றும் வராது.

எனக்குத் தனியாக எழுதவேண்டாம்.

உங்கள் மருமகன்

மே 29

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே மூன்று பேரும் நலம். உன் தோள் எப்படி இருக்கிறது? பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, சைட்டில் வேலை தலைக்கு மேல் இருந்தது. ஃபோர்மேன் நலமாக இருக்கிறார், மாடி வீட்டம்மாவிடம் சொல்.

மாப்பிள்ளை விஷயத்தைப் படித்து மனசு உடைந்துவிட்டது. அவனுக்கு இப்படி ஒரு குறை இருக்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. எனக்கு நிறமெல்லாம் நன்றாகத் தெரிகிறது. சர்டிபிகேட் படிக்காமல் விட்டது அன்றைக்குச் சொன்னதுபோலப் பணத்தால்தான். நீ மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே, வேளைக்குச் சாப்பிடு.

நீ கேட்டதற்குப் பதில். எனக்குத் தெரியாது, அக்கா. தெரிந்திருந்தால் உன்னைப் பணம் கட்ட விட்டிருப்பேனா?

உன் அன்புத் தம்பி